கண்ணாடி படாத ரொட்டி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சினாரா சரக்கறையைத் திறந்தாள். அவள் போட்ட கூச்சலில் தையல் கூடத்து மெஷின்கள் அத்தனையும் நின்றன.

அறையின் ஒரே ஜன்னலில் கண்ணாடி இல்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்த வெட்டுமேசை மேலும் தரையிலும் அது சில்லுச் சில்லாகக் கிடந்தது. நடுவே ஒரு ஆற்றுக்கல். பருத்தி உருளைகளும் லைனிங் உருளைகளும் இழுத்துத் தள்ளப்பட்டு, அவிழ்ந்து, மிதிபட்டுக் கிடந்தன. மூலையில் வெல்வெட் உருளைகள் மட்டும் நின்றது நின்றபடி. பீரோவின் தலையில் ரொட்டிகள், பூ அச்சு மேலே பார்க்க, ஒன்றையொன்று இடிக்காமல் அடுக்கியிருந்தன.

சாம்பல் நிற லைனிங் உருளைக்குள் செருகி வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்.

எல்னூரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. கலீமா போயிட்டா."

கலீமா யார் என்று கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். 'மறுகரை' தொடரின் நாயகி. கல்யாணத்துக்கென்று நடுத்தெருவில் தூக்கிப் போகப்பட்டவள். கடைசி அத்தியாயத்தில் அந்த வீட்டை உதறிவிட்டுச் சட்டம் படிக்கத் தலைநகருக்கு வண்டி ஏறினாள். ஏறுமுன் தாய் நீட்டிய ரொட்டியில் ஒரு கடி கடித்தாள். தாய் அதைச் சுவரில் மாட்டினாள். போனவள் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அது அங்கேயே தொங்கும். படைக்குப் போன மகனுக்கும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அப்பனுக்கும் வீட்டுக்கு வீடு தொங்குகிற ரொட்டிதான்.

மறுநாளே சேனல் அறிவித்தது. தொடர் முடிந்தது, மூன்றாம் பருவம் கிடையாது, கதை குடும்ப மரபுக்கு ஒவ்வாதது. பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மரபுக்கு ஒன்றும் ஆகாது. அவள் தன் காலால் திரும்பி நடந்தால்தான் அதற்கு ஒத்துக்கொள்ளாது!

பார்த்தவர்கள் உட்கார்ந்து அழவில்லை. ரொட்டி வாங்கினார்கள். ஆளுக்கொரு கடி கடித்து, கயிற்றில் கோத்து, சேனலின் இரும்பு வேலியில் மாட்டினார்கள். அவள் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். காவலாளி என்ன செய்வான்? போஸ்டர் என்றால் கிழிக்கலாம். ரொட்டியைக் குப்பையில் போட இந்த மண்ணில் எவனுக்குக் கை வரும்? ஒவ்வொன்றாக அவிழ்த்து, நெற்றியில் ஒற்றி, வரவேற்பறைச் சோபாவில் அடுக்கினான். ஒரு வாரத்தில் சேனலுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு உட்கார இடமில்லை.

எல்னூரா அந்தத் தொடரின் படத்தொகுப்பாளர். வேலையை விட்டுத் துரத்திய அன்று, மூன்றாம் பருவத்துக்காக எடுத்து முடித்திருந்த முதல் அத்தியாயத்தை டிஸ்க்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். சேனல் தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டது. வெளியே கசியக் கூடாதென்று இயக்குநர் சத்தியம் வாங்கியிருந்ததால் அவளும் நகல் எடுக்கவில்லை. உலகத்தில் இருந்தது அந்த ஒன்றுதான். இன்று மாலை ஆறு மணிக்குப் பூருல் அக்காவின் தையல் கூடத்து முற்றத்தில் அதைத் திரையிடுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

ஒன்பது மணிக்கு வட்டாரப் போலீஸ் ஆய்வாளர் பெர்மெத் வந்தாள். ஆடு மேய்த்த குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அதுவும் சட்டம். நிலையத்தில் அவளிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "போ, எழுது, வா. அடையாளம் தெரியாத வெளியாளுன்னு முடி."

பெர்மெத் அப்படி முடிக்கிற ரகம் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் சீருடையைக்கூட அவிழ்க்காமல் 'மறுகரை' பார்த்தவள் வேறு.

"பூட்டு?"

"உடையல," என்றாள் சினாரா. துணி வெட்டுகிறவள் அவள். கையில் இன்னும் கத்தரி இருந்தது. "நான்தான் சாவி போட்டுத் திறந்தேன்."

"சாவி எத்தனை?"

பூருல் அக்கா முன்னே வந்தாள். கூடத்தின் சொந்தக்காரி. கனத்த உடம்பு, கனத்த குரல். இடுப்பைச் சுற்றிச் சால்வையை இறுக்கிக் கட்டியிருந்தாள். "ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு இவகிட்ட. நேத்து சாயங்காலம் இவ சாவிய வாங்கித்தான் தாலாய் ரொட்டியெல்லாம் உள்ள வெச்சான். ராத்திரி இவ வீட்டுக்குப் போய்த்தான் திருப்பிக் குடுத்தான். ஆனா சாவிக் கதையெல்லாம் எதுக்கு, பொண்ணு? ஜன்னலப் பாரு. மரபக் காப்பாத்தறோம்னு மிரட்டித் திரியற அந்த வெள்ளைத் தொப்பிப் பசங்க வேலை. படம் ஓட்டினா கூரையக் கொளுத்துவோம்னு நேத்துதான் எழுதியிருக்கானுங்க."

"டிஸ்க் எங்க இருந்துச்சுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க நாலு பேருக்கும்தான்."

"வெள்ளைத் தொப்பிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாமத்தானே அத்தனையையும் பொரட்டியிருக்கான்! கண்ணு இல்லியா உனக்கு?"

தாலாய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். ரசிகர் பக்கத்தை நடத்துகிற இளைஞன். அவன் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது.

"நீ கடைசியா எப்ப உள்ள வந்த?"

"நேத்து சாயங்காலம். அடுத்து சேனல் வேலிக்குப் போற ஊர்வலத்துக்கு ஜனங்க கடிச்சுக் குடுத்த ரொட்டியெல்லாம் கொண்டு வந்து வெச்சேன். போட்டோ இருக்கு, பாருங்க."

படத்தில் வெட்டுமேசை நிறைய ரொட்டி. அவற்றுக்கு நேர் மேலே ஜன்னல், முழுக் கண்ணாடியோடு, மாலை வெயிலில் மின்னியது.

"இப்ப ரொட்டி பீரோ மேல இருக்கே. யாரு வெச்சது?"

"நான் திறக்கும்போதே அங்கதான் இருந்துச்சு," என்றாள் சினாரா.

தாலாய் சிரித்தான். "திருடன் வெச்சிருப்பான். திருடனா இருந்தாலும் கிர்கிஸ்காரன்தானே? துணிய மிதிப்பான், ரொட்டிய மிதிப்பானா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எந்தத் திருடனும் அதைத்தான் செய்வான்.

எல்னூரா தரையிலிருந்து எழுந்தாள். "இவனக் கேளுங்க மேடம். போன வாரம் சேனல்ல இருந்து இவனுக்கு வேலை குடுக்கிறேன்னு கூப்பிட்டாங்க. எங்ககிட்டச் சொன்னானா?"

தாலாயின் சிரிப்பு நின்றது. "கூப்பிட்டாங்க. போகல. போகாததுக்கு என்னத்தச் சொல்ல? நான் எடுத்திருந்தா ரொட்டி என்னை அடிக்கட்டும்!" இந்த மண்ணில் ரொட்டி மேல் இடும் ஆணைக்கு மேல் ஆணை இல்லை.

"அடிச்சாத்தான் உன் வாய் மூடும்," என்றாள் சினாரா.

"நீ மட்டும் என்ன? சாவி உன்னோடது."

"நான் எடுத்திருந்தா என்னையும் அடிக்கட்டும். ரெண்டு கண்ணும் போகட்டும். போதுமா?"

"ஏன் அடிச்சுக்கறீங்க?" பூருல் அக்கா கையை உயர்த்தினாள். "என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன், நேத்து பூட்டினதுக்கப்புறம் வெளியாளு ஒருத்தனுக்கும் நான் இந்தக் கதவத் திறந்துவிடல."

பெர்மெத் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒரு ரொட்டியை எடுத்தாள். நடுக்குழியில் அச்சுக் குத்திய ஓட்டைகளை விரல் நுனியால் தடவினாள். கடிபட்ட பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் அப்படியே பார்த்து முடித்துவிட்டு இறங்கினாள். பிறகு வெல்வெட் உருளைகளிடம் போனாள்.

"இது யாருது?"

"கல்யாண ஆர்டர்," என்றாள் சினாரா. "ஒரு கறை பட்டாலும் எங்க தலைதான் உருளும்."

கைப்பேசி ஒலித்தது. மேலதிகாரி.

"முடிச்சியா?"

"முடிச்சுட்டேன் சார்," என்றாள் பெர்மெத். "ஆனா வெளியாள் இல்ல." வைத்துவிட்டாள்.

அவள் கதவைச் சாத்தினாள். அறைக்குள் நால்வரும் அவளும்.

"அந்த ரொட்டி நேத்து இந்த மேசை மேல, ஜன்னலுக்கு நேர் கீழ இருந்துச்சு. தாலாயோட போட்டோ சாட்சி. ஒருத்தன் வெளியில நின்னு கல்ல விட்டெறிஞ்சா கண்ணாடி எங்க விழும்?"

"மேசை மேல," என்றான் தாலாய்.

"மேசை மேலயா, ரொட்டி மேலயா?"

தாலாய் தன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

"ரொட்டி மேலதான் விழணும். அப்புறம் அவன் ஏறிக் குதிச்சு, பாவம் பாத்து, ரொட்டிய எடுத்து மேல வெச்சான்னே வெச்சுக்குவோம். குழியில, ஓட்டையில, கடிச்ச பக்கத்துல ஒரு பொடியாவது ஒட்டியிருக்கணுமா இல்லியா? நான் ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தேன். ஒரு சில்லு இல்ல. அப்ப ரொட்டிய முதல்ல மேல ஏத்தியாச்சு. ஜன்னல் அப்புறந்தான் உடைஞ்சுது. ஜன்னல் உடையறதுக்கு முன்னாடி இந்த அறைக்குள்ள வர ஒரே வழி அந்தக் கதவு. பூட்டு உடையல. சாவி இருந்தவங்க மூணு பேரு."

எல்னூரா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திட்டம் நல்ல திட்டந்தான். உள்ள வந்து டிஸ்க்க எடுக்கணும். உருளையெல்லாம் தள்ளி, தேடின மாதிரிக் காட்டணும். வெளிய போய்க் கல்லெறியணும். பழி வெள்ளைத் தொப்பிக்குப் போகும். ஆனா மேசை மேல ரொட்டி இருந்துச்சு. ரொட்டி மேல கண்ணாடி கொட்டறதுக்கு மனசு ஒப்பல. எடுத்து மேல வெச்சுட்டுத்தான் கல்லத் தொட முடிஞ்சுது. இந்த ஊருல பொறந்தவங்க மட்டும் செய்யற தப்பு."

"மூணு பேருல யாரு?" என்றாள் எல்னூரா.

"எதத் தள்ளினாங்க, எதத் தள்ளலன்னு பாரு. கீழ கிடக்கறது எல்லாம் பருத்தி, லைனிங். கறை பட்டா துவைச்சுக்கலாம். வெல்வெட்ட விரலால கூடத் தொடல. அவசரத்துல பொரட்டற திருடனுக்கு இந்தக் கவலை எதுக்கு? தாலாய்க்கு வெல்வெட்டுக்கும் படுதாவுக்கும் வித்தியாசம் தெரியாது."

"தெரியாது," என்றான் தாலாய் ஆறுதலாக.

"மிச்சம் ரெண்டு பேரு. சினாரா ரொட்டி மேல ஆணையிட்டா. யாரும் கேக்காமலே இட்டா." பெர்மெத் திரும்பினாள். "அக்கா, நீங்க பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணினீங்க. அதுவும், வெளியாளுக்குத் திறந்துவிடலன்னு. நெசந்தான். வெளியாளு யாரும் வரலியே. நான் எடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல." ஒரு ரொட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "இதத் தொட்டுச் சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

பூருல் அக்காவின் கை பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு சால்வையின் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்தபோது, வயிற்றோடு கட்டியிருந்த டிஸ்க் வெளியே வந்தது.

"உடைக்கத்தான் எடுத்தேன்," என்றாள். "சுத்தியலக்கூட எடுத்துட்டேன். முடியல."

எல்னூரா பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன்க்கா? என் வேலையே போச்சு இதுக்காக!"

"உனக்கு ஒரு வேலை போச்சுடி. எனக்கு இந்தக் கூடமே போகப் பாத்துச்சு. கட்டிடக்காரன் சாமாத் வந்தான். படம் ஓடினா திங்கக்கிழமை உன் மெஷினெல்லாம் ரோட்டுலன்னான். இத்தனை பொண்ணுங்க சாப்பாடு. பயந்து நிறுத்திட்டேன்னு ஊரு சொல்லக் கூடாது, படமும் ஓடக் கூடாது. வேற வழி தெரியல எனக்கு. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

சினாரா கத்தரியை மேசையில் வைத்தாள். கண்ணாடிச் சில்லு நெறிந்தது.

"எங்களக் கேட்டியா அக்கா?"

"என்னத்தக் கேக்க?"

"எங்க நல்லதுக்குன்னா எங்களக் கேக்கணும்ல? பொண்ணத் தூக்கிட்டுப் போறவனும் அவ நல்லதுக்குன்னுதான் சொல்றான். அவனும் கேக்கறதில்ல."

பூருல் அக்கா அடிபட்டவள்போல் அவளைப் பார்த்தாள். அவளையும் ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடத்துக்கு நடந்து போனாள், மெஷின்களுக்கு நடுவே நின்றாள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கடைசியாகக் கேட்டாள்: "ஓட்டலாமா, வேணாமா? ஓட்டினா திங்கக்கிழமை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

பட்டன் தைக்கும் மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "மெஷின ரோட்டுல போட்டா ரோட்டுல தைப்போம். ஓட்டு அக்கா."

பெர்மெத் குறிப்பில் 'புகார் திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதினாள். நிலையத்துக்குப் போகவில்லை.

மாலை ஆறு மணி. முற்றம் போதாமல் மதில் மேலும் லாரி மேலும் பெண்கள். இரண்டு படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்த திரை. பூருல் அக்கா முன்வரிசையில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். வெளிச்சம் விழுந்தது. கலீமா தலைநகரத்துப் பேருந்து நிலையத்தில் இறங்கினாள். முற்றமே எழுந்து நின்று கத்தியது.

அப்போது சாமாத் வந்தான், கூட இரண்டு தடியர்களோடு. பூருல் அக்கா வாசலை மறித்தாள். அவளை இடித்துக்கொண்டு நேரே திரைக்கு முன்னால் போய் நின்றான்.

"நிறுத்து! இது என் கட்டிடம்!"

பெர்மெத் எழுந்தாள். "வாடகைக்கு விட்டது நீங்கதானே? காலி பண்ணணும்னா கோர்ட்டுக்குப் போங்க. எந்தக் கதவுன்னு நான் காட்டறேன். மெஷின ரோட்டுல போட்டா அது வேற கேசு, அதையும் நானே எழுதுவேன்."

"உன்னை வேலைய விட்டே..."

"சாமாத்!"

குரல் மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. அவன் அதை நன்றாக அறிவான். அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், மடியில் பொரித்த மாவுருண்டைத் தட்டு. பக்கத்தில் அவனைப் பெற்றவள்.

"மறைக்காத," என்றாள் மனைவி.

"நீ எப்படி இங்க..."

"ரெண்டு வருஷமாப் பாக்கறோம், உனக்குத் தெரியாதா? உட்காரு. இல்லேன்னா போ. கலீமாவோட மூஞ்சி உன் வயித்துல தெரியுது, நல்லாவே இல்ல."

மதில் மேலிருந்து சிரிப்பு சரிந்து விழுந்தது. தடியர்களில் ஒருவன் அதற்குள் ஓரமாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாமாத் குனிந்தான். யார் கண்ணையும் மறைக்காமல் நகர்ந்து வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காத."