பொதுத் தூம்பா

மொரப்பூர் ரயில்வே கேட்டைத் தாண்டி அரூர் ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது மதலைமுத்துவுக்குத் துக்கமணி கேட்டது. ஒரு அடி. நெடிய இடைவெளி. மறுபடி ஒரு அடி. சாவுக்கு மட்டும் மாதா கோயிலில் அப்படி அடிப்பார்கள்.

"யாகப்பா, கிட்டத்துல கோயில் இருக்குது போலடா. மணி கேக்குதா?"

பின்னால் வந்த தம்பி தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஒண்ணும் கேக்கலியேண்ணா. காத்தா இருக்கும்."

காற்றே இல்லை. ரோட்டோரப் புளியமரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் பெங்களூர் மில்லில் வேலை பார்த்தவர்கள். சித்திரையில் யாகப்பனுக்கு டைபாய்டு வந்து, டாக்டர் கைவிரித்து, சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டியிட்டு மதலைமுத்து வேண்டிக்கொண்டான்: 'இவனை எனக்குக் கொடுத்துடு தாயே. சைக்கிள் மிதிச்சே வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டு வரேன்.' தம்பி பிழைத்தான். எப்படிப் பிழைத்தான் என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று ராத்திரிக்கு ராத்திரி கோயில்களிலேயே படுத்தெழுந்து வந்தார்கள். எந்த ஊரிலும் இல்லையென்று சொன்னவர் இல்லை. எங்கேயும் ஒரு பாய் கிடைத்தது, குடிக்கக் கஞ்சி கிடைத்தது.

பொழுது சாயும் நேரத்தில் யாகப்பனின் பின் டயர் உஸ்ஸென்று இறங்கியது. பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தபோதுதான், கொள்ளுக்காட்டுக்கு அப்பால் கோயில் தெரிந்தது. சின்னக் காரைக் கட்டடம், உச்சியில் சிலுவை. கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"மாதா கண்ணத் தொறந்துட்டாடா," என்றான் மதலைமுத்து. சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வரப்பில் நடந்தார்கள்.

வாசலில் சாணம் தெளித்த ஈரம் இன்னும் காயவில்லை. உள்ளே காலடி வைத்ததும் சாம்பிராணி வாசனையும், அப்போதுதான் கொளுத்திய மெழுகின் வாசனையும், அவற்றுக்கு அடியில் மழைக்கு முன்னால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு குளிர்ந்த மண்வாசனையும் சேர்ந்து முகத்தில் வந்து மோதின. பீடத்தில் துணி வெள்ளையாக விரித்திருந்தது. மதலைமுத்து கூப்பிட்டுப் பார்த்தான். அவன் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. ஆள் யாரும் வரவில்லை.

கோயிலுக்கு நட்டநடுவில் தூம்பா இருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான சவப்பெட்டி அது. பிணத்தைக் கல்லறைவரை அதில் சுமந்துபோய், குழியில் இறக்கிவிட்டு, பெட்டியை மட்டும் திரும்பக் கொண்டுவந்து மூலையில் வைத்துவிடுவார்கள். எல்லாக் கோயிலிலும் இருப்பதுதான். ஆனால் இது மூலையில் இல்லை. கழுவித் துடைத்து, இரண்டு பெஞ்சின்மேல் ஏற்றி வைத்திருந்தது. மூடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. பலகை இடுக்குகளில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வேணாம்டா. ரோட்டுக்கே போயிடலாம்," என்றான் மதலைமுத்து.

யாகப்பன் அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டான். பல் கிட்டித்துக்கொண்டது. நெற்றியைத் தொட்டால் தகதகவென்று கொதித்தது. சித்திரையில் கொதித்த அதே சூடு.

"முடியலண்ணா. இங்கியே படுத்துக்கறேன். நல்லா இருக்குது இங்க."

அவன் கண் தூம்பாவை விட்டு அகலவில்லை.

அவனைப் பாயில் கிடத்தி, போர்வை போர்த்திவிட்டு, சுடுதண்ணீருக்காக மதலைமுத்து வெளியே ஓடினான். காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூரைவீட்டில் புகை எழுந்தது. அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்தில் சிலுவை தொங்கியது. பேர் ராஜமேரி என்றாள். சொம்பில் தண்ணீர் ஊற்றிக் காய வைத்தபடியே கேட்டாள்.

"எங்க எறங்கியிருக்கீங்க?"

"கோயில்லதாங்க. தம்பிக்குக் காய்ச்சல். உள்ள படுக்க வெச்சிருக்கேன்."

துடுப்பு நின்றது.

"உள்ளயா? பூட்டிக் கெடக்குதுங்களே கோயிலு."

"தொறந்துதாங்க இருந்துச்சு. வெளக்கு எரியுது, வாசத் தெளிச்சிருக்குது..."

"யாருங்க தெளிக்கறது? வாந்திபேதி வந்த வருஷமே ஊரு மொத்தமும் கல்லறைக்குப் போயிடுச்சு. வேதக்காரங்கன்னு மிச்சம் எங்க வூடு ஒண்ணுதான். சாமியாரு பூசை வெக்க வந்தாத்தான் நான் போய்த் தொறப்பேன்." இடுப்பிலிருந்து துருவேறிய சாவியை எடுத்துக் காட்டினாள். "தம்பிய வெளிய கூட்டிட்டு வந்துடுங்க. சீக்கிரம் போங்க!"

சொம்புத் தண்ணீர் அடுப்பிலேயே நின்றது. அவன் ஓடினான்.

பாதிக் காட்டில் சத்தம் கேட்டது. செபமாலை. ஒரு குரல் முன்பாதி சொல்ல, பல குரல்கள் பின்பாதி சொல்லின. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. மூச்சு விடவும் அவை நிற்கவில்லை.

கோயில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். வாசல்வரை மண்டியிட்டிருந்தார்கள். எல்லோரும் பீடத்தைப் பார்த்தபடி. முதுகுகள். முக்காடுகள். ஈர மண் ஒட்டிய உள்ளங்கால்கள்.

"யாகப்பா!"

ஒரு தலையும் திரும்பவில்லை.

பாய் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது. தூம்பா மூடியிருந்தது.

அவர்களுக்கு நடுவே புகுந்து போனான். தோளில் பட்ட தோள்கள் எல்லாம் சில்லென்றிருந்தன. மூடியைத் தள்ளினான்.

யாகப்பன் படுத்திருந்தான். தலை வாரியிருந்தது. கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன. மூக்கில் பஞ்சு. கையில் செபமாலை. மார்பு ஏறி இறங்கியது. கண்ணைத் திறந்தான்.

"மூடிடுண்ணா. குளிருது."

"எந்திரிடா! வாடா, போயிடலாம்!" கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். தூக்க முடியவில்லை. மில்லில் பஞ்சு மூட்டையைத் தனியாகச் சுமக்கிறவன் அவன். ஒரு கையைக்கூட அசைக்க முடியவில்லை.

"எனக்கு அப்பவே பூசுதல் கொடுத்துட்டாங்கண்ணா," என்றான் தம்பி மெதுவாக. "நீதான் விடல."

பின்னாலிருந்து கைகள் வந்தன. மூடி விழுந்தது. மூன்று பேர் மூன்று மூலையில் தோள் கொடுத்தார்கள். நாலாவது மூலை காலியாக இருந்தது.

ஓடிவிட நினைத்தான். கால்கள் முன்னே போயின. தோள் தானாகக் குனிந்து அடியில் நுழைந்தது.

கல்லறையில் குழி தயாராக இருந்தது. பெட்டியைச் சரித்தார்கள். யாகப்பன் குழிக்குள் போய்ப் படுத்தான். மல்லாந்து. கண் திறந்தபடி.

செபம் நிற்கவில்லை. முன்பாதியை ஒருவர் சொன்னார். பின்பாதியைக் குழிக்குள்ளிருந்து தம்பியும் சொன்னான். தெளிவாக. எல்லோரோடும் சேர்ந்து.

முதல் பிடி மண்ணைக் கூடப்பிறந்தவன் போடுவதுதான் முறை. அவர்கள் காத்திருந்தார்கள். மதலைமுத்து அழுதான். மாதாவைக் கூப்பிட்டான். கை குனிந்து அள்ளியது.

மண் தம்பியின் வாய்க்குள் விழுந்தது.

அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான்.