ஐந்நூற்று நாற்பது கிலோ

அக்கா புறப்பட இன்னும் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தது. மணிக்கு ஒன்றாகச் சுவரில் சாக்பீஸால் போட்டிருந்த கோடுகளில் ஒன்றைக் குட்டி அழித்தாள்.

ஒலிம்பிக்ஸில் இல்லாத விளையாட்டுகளுக்கென்று உலக அளவில் ஒரு போட்டி நடக்கிறது. அதில் கயிறு இழுக்கும் பெண்கள் அணியில் அக்காவும் ஒருத்தி. எட்டுப் பேரில் கடைசி ஆள். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்பவள் அவள்தான்.

"கயிறு இழுக்க ஏரோப்ளேன்லயா போறாங்க?" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கேலி செய்வார்.

"இங்கேருந்து இழுத்தா அவங்க ஊரே இங்க வந்துடும். பாவம்னுதான் நேர்ல போறாங்க" என்பார் அப்பா.

அப்பா பேக்கரியில் வேலை செய்தார். அம்மா வெளியூர் மருத்துவமனையில் நர்ஸ். மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் அக்காவின் சாப்பாடு அப்பாவின் பொறுப்பு. "எட்டுப் பேரும் சேர்ந்து ஐந்நூத்தி நாப்பது கிலோ இருக்கணுமாம். என் பொண்ணு பங்கு குறையக்கூடாது" என்று இரண்டு மாதமாகப் பாலும் முட்டையும் வெண்ணெய் தடவிய பன்னுமாகக் கொடுத்தார். அவள் சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து பார்ப்பார்.

குட்டி ஒரு படம் வரைந்திருந்தாள். எட்டுப் பெண்களும் ஒரு கயிறும். அதை அக்காவுக்குத் தெரியாமல் அவள் பையில் வைக்க வேண்டும். பை உப்பலாக இருந்தது. திறந்தாள்.

உள்ளே ஒரு தலையணை. இரண்டு போர்வைகள். ஒரு சட்டைகூட இல்லை.

"அக்கா, அங்க போய்த் தூங்கப் போறியா?"

அக்கா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"நேத்து எடை பார்த்தாங்க குட்டி. ஐந்நூத்தி நாப்பதுங்கறது எட்ட வேண்டிய அளவு இல்ல. தாண்டக்கூடாத அளவு. நாங்க மூணு கிலோ கூட இருந்தோம்."

"யாரால?"

"நான் மட்டும் நாலு கிலோ ஏறியிருக்கேன். பட்டினி போட்டு எடையைக் குறைக்க கோச் ஒத்துக்கல. எனக்குப் பதிலா இன்னொரு பொண்ணு போறா."

"தாண்டக்கூடாதுன்னு அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் நினைப்பேன். ஆனா அவர் பன்னை எடுத்துட்டு வரும்போது அந்த முகத்தைப் பாத்திருக்கியா? நாளைக்கு மைதானத்துல கூடுதலா ஓடிக்கலாம்னு சாப்பிட்டுடுவேன்." அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பையைத் தூக்கிட்டுத் தோழி வீட்டுக்குப் போயிடறேன். பத்து நாள் கழிச்சு வந்து, தோத்துட்டோம்னு சொல்லிக்கறேன். நீ வாயைத் திறக்காதே. சத்தியம் பண்ணு."

குட்டி சத்தியம் செய்யவில்லை. "பேக்கரில டிவி வைக்கச் சொல்லியிருக்கார் அக்கா. எல்லாரும் சேர்ந்து பார்க்கப் போறாங்களாம். கடைசியில நிக்கற ஆளைத்தானே அப்பா தேடுவார்?"

அக்கா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். புருவத்தில் மாவு. கையில் பெரிய பொட்டலம்.

"இது உனக்கு. இது உன் டீமுக்கு. கோச்சுக்கும் ஒண்ணு இருக்கு, இல்லேன்னா கோவிச்சுக்குவார்." ஒரு பன்னைத் தட்டில் வைத்து அக்காவிடம் நகர்த்தினார். "சாப்பிடும்மா."

அக்கா அதைக் கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

குட்டி அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, பன்னுக்கு மாவு எடை போடுவீங்கல்ல? கூடிப் போனா?"

"கிள்ளி எடுத்துடுவேன்."

"மாவு மேல கோவம் வருமா?"

"மாவு என்னடி பண்ணும்? போட்ட கை கூடப் போட்டிருக்கும்."

அக்காவின் முகம் வெளுத்தது. குட்டி அதைப் பார்த்தாள். இதற்கா கேட்டோம்? உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அந்தக் கை மேல?" என்று மெதுவாகக் கேட்டாள். "கோவிச்சுக்குவீங்களா?"

அப்பா சிரித்தார். "வேணும்னேவா போட்டுச்சு? நல்லா வரட்டும்னு போட்டிருக்கும். அதைப் போய் யாராவது கோவிப்பாங்களா?"

"நிஜமா?"

"நிஜமாத்தான். எதுக்கு இத்தனை கேள்வி?"

குட்டி அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சூடாக, சொரசொரப்பாக இருந்தது. பிறகு அக்காவைப் பார்த்தாள்.

அக்கா பன்னைத் தட்டில் வைத்தாள். அப்பாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவர் அக்காவையும் பார்த்தார், ஓரத்தில் கிடந்த பையையும் பார்த்தார்.

"என்னம்மா?"

குட்டி அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அப்பா," என்றாள் அக்கா. "எடை கூடிடுச்சுப்பா. நான் போகல."