லைன் க்ளியரா?

புல்லாங்குழலின் கடைசிச் சுரம் தேய்ந்து மறைகிற இடத்தில், யாரோ நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. மரக் கால்கள் தரையில் லேசாக நகரும் சத்தம், அதன் பின்னால் துணி உரசும் சத்தம், பாரம் இறங்கியதும் பலகை விடுகிற சின்ன முனகல். அடுத்த நொடி பாட்டு முடிந்து பட்டென்று அமைதி. அந்த அறையில் நாற்காலியே கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து இறங்கிய அன்றைக்கே இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர்தான். கட்டிலில் அவள். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, மூடி கழற்றிய சிடி பிளேயரின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன்.

"என்ன எக்ஸ்சேஞ்சு, லைன் க்ளியரா?" என்று கேட்டார் அவர்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். அதனால் அந்தப் பட்டப்பெயர். அவர் குடிநீர் ஆபீசில் குமாஸ்தா. ஆனால் வீட்டில் ஒரு ரேடியோவையும் ஒழுங்காக இருக்க விட்டதில்லை, பிரித்துப் போட்டுவிடுவார். அதனால் அவள் பதிலுக்கு 'இன்ஜினியரே' என்பாள். எதையாவது மாற்றிவிட்டுப் பாட்டைப் போட்டால், நல்லதா கெட்டதா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவருடைய காதுகளுக்கு வயதாகிவிட்டது, காலிங் பெல் கேட்கும், கொசு கேட்காது. "லைன் க்ளியரா?" என்பார். "க்ளியர், இன்ஜினியரே" என்று அவள் சொன்னால் மனிதர் அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவாமல் திரிவார். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர்களுடைய கொஞ்சல்.

மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்ட காலையோடு அந்தப் பதில் நின்றுபோயிற்று. கை இல்லை, கால் இல்லை, நாக்கு இல்லை. இமைகள் தம் இஷ்டத்துக்கு மூடித் திறந்தன. கண்கள் தலையணை எந்தப் பக்கம் வைத்ததோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. "புரியுதோ என்னவோ, சொல்ல முடியாது" என்று கைவிரித்துவிட்டார் டாக்டர். அவளுக்கு எல்லாம் புரிந்தது. காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. ஆனாலும் அவர் கேட்பதை விடவில்லை. கேட்டுவிட்டு, பதில் வருகிற நேரத்துக்குக் காத்திருப்பார். பிறகு திருப்புளியைக் கையில் எடுப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாற்காலிச் சத்தம் கேட்ட அன்று அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் இறங்கிக் காதுமடலில் நின்றது. விரலில் மாட்டியிருந்த நாடி பார்க்கும் கருவியில் எண் மளமளவென்று ஏறியது.

அவர் பார்த்துவிட்டார். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து ஓடிவந்தார். "கேக்குதா? உனக்குக் கேக்குதா?" பாவம், இத்தனை மாதத்தில் அவள் கொடுத்த முதல் பதில் அது. அது பயம் என்று அவருக்கு யார் சொல்வது?

அதன்பின் அந்த சிடி பெட்டியே கதி என்று ஆனார். பழைய சாமான் கடையில் வாங்கிய கனத்த கறுப்புப் பெட்டி அது. லென்ஸைத் துடைத்தார், தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட்டை மாற்றினார், உப்பிப்போன கண்டென்சர்களைப் பிடுங்கிப் புதிது வைத்தார். அறை முழுக்க ஈயப் புகையும் அவள் முதுகில் தடவுகிற எண்ணெயும் கலந்த வாடை. ஸ்பீக்கர்களைக் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு மூலையிலும் நிறுத்தி, அளவு நாடா பிடித்து, அவள் தலை இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் வருமாறு கட்டிலை நகர்த்தினார். அவள் பார்வை ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வெறும் சுவரில் விழும்படி தலையணையை வைத்தார். "ராணி மாதிரி உட்கார வெச்சிருக்கேன். இந்த வீட்லயே நல்ல இடம் இதுதான்" என்றார்.

ஒருநாள் பெட்டிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்திச் சிரித்தார்.

"இதைக் கேளேன். எவனோ ஒருத்தன் நல்ல மெஷினை வேணும்னே கெடுத்து வெச்சிருக்கான். சத்தம் மங்கலாத்தான் வரணும்னு ரெண்டு பக்கமும் கூடுதலா பார்ட்ஸ் வெச்சுப் பத்த வெச்சிருக்கான். மூடிக்கு ஸ்க்ரூ போதாதுன்னு பசை வேற. ஒலகத்துல எப்படி எப்படியெல்லாம் மடையனுங்க இருக்கானுங்க பாரு!"

கெடுத்தவன் மடையன் இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கும் நல்ல காது இருந்திருக்கிறது. அவன் எதையோ உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான்.

அவர் ஒவ்வொன்றாகப் பூட்டைக் கழற்றினார்.

அன்று மாலை குழல் ஓசை கண்ணாடி துடைத்தது போல் வந்தது. அவ்வளவு அழகான ஓசையை அவள் கேட்டதே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாசிக்கிறவர் உதட்டை நனைத்துக்கொள்வதுகூடக் கேட்டது. அவருக்குப் பின்னால், தள்ளி, எழுந்து நின்றவர் நடக்க ஆரம்பித்தார். வெறுங்கால். ஒன்றை ஊன்றி மற்றதை இழுக்கிற நடை. குழல் ஓங்கும்போது நின்றது, தணியும்போது வந்தது. பாட்டு முடிந்தவுடன் பட்டென்று அமைதி விழுந்து, எடுத்து வைத்த காலைப் பாதியில் வெட்டியது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில நொடிதான் அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்.

மறுநாள் அவர் வேறு சிடி போட்டார். வயலின். கால்கள் நேற்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தன.

கையையும் காலையும் நீட்டி மடக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி மதியங்களில் வருவாள். சின்னப் பெண், கலகலப்பானவள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவள் நிற்பதற்கென்றே ஓர் இடுக்கு விட்டிருந்தார்கள். அங்கே நின்று வலது கையைத் தூக்கிப் பிடித்திருந்தவள், வயலின் தணிந்த ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், கூடத்துல யாராவது வந்திருக்காங்களா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"யாரோ காலை இழுத்து இழுத்து நடக்கற மாதிரி..."

அவளுக்கு உயிரே அந்தப் பெண்ணின் வாயில் வந்து நின்றது. சொல்லு கண்ணு. இன்னும் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளு. என் முகத்தைப் பாரு.

அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அதும்மா, அதுதான் நல்ல சவுண்டு! வாசிக்கிறவங்க நம்ம ரூமுக்குள்ளேயே இருக்கற மாதிரி தெரியணும். ரெக்கார்டிங் பண்றப்போ எவனாவது குறுக்க நடந்திருப்பான். உன் வயசுக் காதுக்கு அதுகூடக் கேக்குது பாரு. எனக்கு அதெல்லாம் எட்டாது."

"செம சார். நிஜமாவே ஆள் இருக்கற மாதிரியே இருக்கு." பெண் குனிந்தாள். "அம்மா கண்ணுல தண்ணி வருது சார்."

"சந்தோஷத்துலம்மா. இதைப் போட்டாத்தான் வருது. வேற எதுக்கும் வராது."

"நல்ல முன்னேற்றம் சார். விட்டுடாதீங்க, தினமும் போடுங்க."

அவள் கையைப் பூப்போல இறக்கி வைத்துவிட்டுப் பெண் போய்விட்டாள். செருப்பு மாட்டுகிற சத்தம், வாசல் கதவு, தெருவில் வண்டி கிளம்புகிற சத்தம், எல்லாம் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன.

எக்ஸ்சேஞ்சில் லைனில் மூன்றாவது ஆள் இருந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். பேசுகிறவன் மூச்சு வேறு, ஒட்டுக் கேட்கிறவன் மூச்சு வேறு. கேட்கிறவன் மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுவான். "லைன்ல யாரோ இருக்கீங்க, போனை வைங்க" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், லொடக்கென்று வைத்துவிட்டு ஓடுவார்கள். இப்போது ஸ்பீக்கர்களுக்கு நடுவே அந்த வெறும் சுவரிலிருந்து வந்ததும் அந்த மூச்சுதான். பிடித்துப் பிடித்து விடுகிற மூச்சு. அது பாட்டைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் பேசுவதை, அவர் சிரிப்பதை, ஒவ்வொரு தடவையும் 'லைன் க்ளியரா' என்று கேட்டுவிட்டு அவர் காத்திருப்பதை. அதட்டத்தான் அவளுக்கு வாயில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கறுப்பாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக எதையோ அவர் இடுக்கியால் பிடித்து அவள் கண்ணுக்கு முன்னால் காட்டினார்.

"இதுதான் கடைசி. இந்தக் குட்டி டிரான்சிஸ்டர் எதுக்குத் தெரியுமா? பாட்டு இல்லாத நேரத்துல மெஷின் வாயைப் பொத்தறதுக்கு. நடுவுல இரைச்சல் வரக்கூடாதுன்னு கம்பெனிக்காரன் வெச்சது. ஆனா பாட்டு ஓடறப்பவும் இது கொஞ்சம் சவுண்டை உறிஞ்சிடுதாம். பக்கத்துக்கு ஒண்ணா இருந்த ரெண்டையும் எடுத்துட்டேன். இனிமே பொத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல."

வேண்டாம். ஐயோ, வேண்டாம். அது ஒன்றாவது இருக்கட்டும்.

விரல் கருவியில் எண் ஏறியது. அவர் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார். "போடறதுக்கு முன்னாடியே அவசரத்தைப் பாரு!" சிடியைத் தட்டில் வைத்தார். முடிந்தால் திரும்ப ஆரம்பிக்கும்படி பொத்தானை அழுத்தினார். "நீ கேட்டுட்டே இரு. உடம்பெல்லாம் ஈய நாத்தம். குளிச்சிட்டு ஓடி வந்துடறேன்." நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

குழல் தொடங்கியது. ஜன்னலில் மழை சரசரத்தது. பெட்டியின் பச்சை எண்கள் சுவரில் மங்கலாக ஒரு வெளிச்சத்தைப் பூசியிருந்தன. எங்கோ குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம், அதற்கு மேல் அவர் தப்புத் தப்பாக முணுமுணுக்கிற பாட்டு, வீடு எப்போதும்போல வீடாகவே இருந்தது. குழல் ஏறி, இறங்கி, கடைசிச் சுரத்தைப் பிடித்து, நூலாக இழைத்து, விட்டது.

அமைதி வரவில்லை.

பாட்டு இருந்த இடம் காலியாகி, அந்த இடத்தில் ஓர் அறை திறந்துகொண்டது. பெரிய அறை. ஈரமான அறை. அதிலிருந்து கால்கள் வந்தன. இப்போது நிற்கவில்லை. ஊன்றி, இழுத்து. ஊன்றி, இழுத்து. ஸ்பீக்கர் கம்பி தரையில் நகர்ந்தது. கட்டிலின் கால்மாடு.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அது பின்னால், தூரத்தில் இருந்தது.

கால்கள் முன்னால் இருந்தன.

வலது பக்கம் திரும்பின. சுவர் ஓரம். பயிற்சிப் பெண் நிற்கிற இடுக்கு. கட்டில் விளிம்பில் படுக்கை அமுங்கியது. அவளால் தலையைத் திருப்ப முடியாது. காது மட்டும்தான். காதுக்குள் மூச்சு. பிடித்து, விட்டு. பிடித்து, விட்டு. குளிர்ந்த மூச்சு.

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தபோது அவர் ஈரத் தலையோடு உள்ளே வந்தார். விளக்கைப் போட்டார். தலையணை நனைந்திருப்பதையும் எண் எகிறி நிற்பதையும் பார்த்து அப்படியே நின்றார். சோப்பு வாசனையோடு குனிந்து அவள் கண்களைத் துடைத்தார்.

"போதும் எக்ஸ்சேஞ்சு. இன்னைக்கு இவ்வளவு போதும். உனக்குத் தாங்காது." பெட்டியின் பொத்தானை அழுத்தினார். பச்சை எண்கள் அணைந்தன.

குழல் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

"லைன் க்ளியரா?" என்று கேட்டார், பழக்கதோஷத்தில். காத்திருந்தார். பிறகு வழக்கமான வேலையில் இறங்கினார். முதுகில் புண் வந்துவிடக் கூடாது என்று மாலையில் ஒருக்களித்துப் படுக்க வைப்பார். தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை. முழங்காலை மடக்கி நடுவில் சின்னத் தலையணை. எலும்பு நோகாதபடி, அவ்வளவு பதமாக, அவளை வலது பக்கமாகத் திருப்பினார். சுவரைப் பார்த்து. முதுகுக்குப் பின்னால் உருளாமலிருக்க இன்னொரு தலையணையை அண்டக் கொடுத்தார்.

"கொஞ்ச நேரம் கண்ணை மூடு" என்று சொல்லி விளக்கை அணைத்தார்.

கூடத்திலிருந்து வந்த மங்கல் வெளிச்சத்தில், அவளுக்கு எதிரே தலையணையின் மறுபாதி குழிந்திருந்தது. அதன்மேல் யாரும் இல்லை. குழி மட்டும் இருந்தது. அவள் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடி ஒன்று மேலே எழும்பியது. படிந்தது. எழும்பியது.

அவர் கதவருகே போய்விட்டார்.

"க்ளியர், இன்ஜினியரே."

அவள் குரல். அந்தக் கடைசி எழுத்தை இழுக்கிற செல்லம்கூட அதே. அவள் உதடுகள் ஒட்டியது ஒட்டியபடியே இருந்தன.

கதவு சுவரில் மோதியது. அவர் ஓடிவந்து விழுந்தார். பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதார். அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. ஒரு கையால் செல்போனைத் தடவி எடுத்து வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டார். "அம்மா பேசிட்டாடி! பேசிட்டா! இரு, நீயே கேளு." போனை அவளுடைய வாய்க்கு நேரே நீட்டினார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. ஒரே ஒரு தடவை."

தலையணையின் குழி நெருங்கி வந்தது. அவள் மூக்கு நுனி சில்லிட்டது. போனுக்குள் மகள் "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருட்டில், அவளுடைய குரலில், அவளுடைய சிரிப்போடு, அது மகளிடம் பேசத் தொடங்கியது.