படத்தைத் தொட்டது யார்?

பீப் என்று சத்தம் வந்தபோது அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள்.

புதுவாயலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அசன் முகைதீன். அவருடைய மகள் நாஜியா, ஆறாம் வகுப்பு. செவ்வாப்பேட்டை பெயிண்டர் முனுசாமி. பெயிண்ட் கம்பெனி அதிகாரி வைகுந்த். வைகுந்த் மட்டும் தள்ளிப்போய் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

அது 2006ஆம் வருடம், அரையாண்டு லீவு. நிறைய பெயிண்ட் விற்ற கடைக்காரர்களைக் கம்பெனி ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனது. பெயிண்டர்களுக்கு வைத்த குலுக்கலில் முனுசாமி பெயர் விழுந்தது. கடைக்காரரோடு வீட்டில் இன்னொருவரும் போகலாம். நாஜியாவின் உம்மா பத்ருன்னிசா, "பஸ்ல ஏறுனாலே எனுக்கு வாந்தி வருது. நீயே போ" என்று தன் இடத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த ஊரின் பெயரை நாஜியாவால் கடைசிவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் சாக்லேட் வாங்கப் போய்விட்டார்கள். ஓவியங்கள் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்று கேட்டது முனுசாமிதான்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு, இவுங்க பெயிண்ட வெச்சிக்கினு இன்னா பண்ணிக்கிறாங்கன்னு பாக்காம போறதா பாய்?"

உள்ளே நுழையும்போதே நரைமுடிக் காவலாளி அம்மா ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எதையும் தொடக்கூடாது. தொட்டால் வெளியே. மறுபடி உள்ளே வர முடியாது. நாஜியாதான் அதைத் தமிழில் சொன்னாள்.

அவசரமே இல்லாமல் அறை அறையாக நடந்தார்கள். முனுசாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இதுக்குச் சாரம் கட்டவே ஒரு மாசம் ஆவும்."

"எத்தினி லிட்டரு புடிக்கும் சொல்லு?" என்றார் அசன் முகைதீன்.

"உங்க கடையே காலியாயிடும் பாய்."

ஐந்தாவது அறையில் அந்தப் படம் இருந்தது. மழை விட்ட தெரு. ஈரக் கற்களின் மேல் ஒரு கழுதை நின்றது. முனுசாமி அதன் முன்னாலேயே நின்றுவிட்டார்.

"பாப்பா, அந்தத் தரைல கால வெச்சா வழுக்கும் போல கீது. பிரஷ் போன தடமே தெரில பாரேன்."

"முன்னூறு வருசம் ஆச்சாம் அண்ணே. எழுதிப் போட்டிருக்காங்க."

"முன்னூறு வருசமா? கத வுடறானுங்க" என்றார் அசன் முகைதீன். "மாவு உதிராமலா இருக்கும்?"

பெயிண்ட் மட்டம் என்று யாராவது புகார் சொன்னால், அவர் நேரே அந்த வீட்டுக்குப் போய்ச் சுவரைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். விரலில் மாவு ஒட்டினால் பெயிண்ட் மட்டம். ஒட்டாவிட்டால் புகார் பொய். இருபது வருடப் பழக்கம். அந்தக் கழுதையின் வயிற்றிலும் அப்படியே ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

பீப்!

காவலாளி அம்மா ஓடி வந்தார். "யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வைகுந்த் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை. முனுசாமியின் நகங்களில் காய்ந்துபோன நீல பெயிண்டைத்தான் பார்த்தார்.

"இந்த ஆள்தான் மேடம். பெயிண்டர். படிக்காதவர். மன்னிச்சிடுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி விரலை நீட்டினார்.

முனுசாமிக்கு ஆங்கிலம் தெரியாது. விரல் நீட்டினால் தெரியும். அவர் வாயைத் திறந்தார். அசன் முகைதீனைப் பார்த்தார். அசன் முகைதீன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனுசாமி வாயை மூடிக்கொண்டார்.

ஏன் என்று நாஜியாவுக்குத் தெரியும். பெயிண்ட் வாங்க வருகிறவர்கள், "நல்ல ஆளா ஒருத்தர் சொல்லுங்க பாய்" என்று கேட்பார்கள். வாப்பா யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் வேலை.

"வாப்பா, நீங்கதானே தொட்டீங்க?"

"சும்மா இரு."

"அண்ணே கையக் கட்டிக்கினு நின்னாரு வாப்பா."

"கொஞ்ச நேரம் வெளில நிக்கப் போறான். தூக்குலயா போடறாங்க?"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காவலாளி அம்மா முனுசாமியின் முழங்கையைப் பிடித்து, வெளியே போகும் பக்கவாட்டுக் கதவை நோக்கிக் கூட்டிப்போனார். முனுசாமி போட்டிருந்தது இரவல் ஸ்வெட்டர். அதில் முழங்கைப் பக்கம் ஓட்டை.

"வுடு பாப்பா" என்றார் முனுசாமி. "அடுத்த ரூம்ல இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

நாஜியா யோசித்தாள். வாப்பாவைக் காட்டிக்கொடுத்தால் அவருக்கு அவமானம். சும்மா இருந்தால் அண்ணன் குளிரில் நிற்பார். தானே தொட்டதாகச் சொன்னால்? சின்னப் பெண்ணைத் தனியே வெளியே விடமாட்டார்கள். வாப்பாவும் கூட வரவேண்டியிருக்கும். அண்ணன் உள்ளேயே இருக்கலாம்.

வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள். "மிஸ், ஐ டச்."

"நீயா?"

"எஸ் மிஸ்." பொய் சொன்னதில் காது இரண்டும் சுட்டது.

காவலாளி அம்மா முனுசாமியை விட்டுவிட்டு நாஜியாவின் மணிக்கட்டைப் பிடித்தார். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

"ஏய்! நோ, நோ!" அசன் முகைதீனின் குரல் அந்த அறை முழுக்க எதிரொலித்தது. "மை டாட்டர் நோ! மீ! ஐ டச்!"

வைகுந்த் திகைத்துப்போனார். "என்ன அசன் பாய் சொல்றீங்க?"

"நான்தான்யா தொட்டேன். இன்னாத்துக்கு நீ அந்த ஆளக் காட்டினே?"

ஒரு தப்புக்கு மூன்று ஆட்கள் கிடைத்ததில் காவலாளி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு நாஜியாவின் கையை விட்டார். அசன் முகைதீனுக்குக் கதவைக் காட்டினார்.

"நானும் வரேன் வாப்பா."

"வேணாம். இங்கயே இரு." அவர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப சந்தோசமா?"

நாஜியாவுக்குச் சந்தோஷமாக இல்லை. 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தையை வாப்பா முன்பே சொல்லியிருக்கலாம். முனுசாமி அண்ணனுக்காக அது வரவில்லை. மகளுக்காக என்றதும் வந்துவிட்டது.

"இனிமே கடைப்பக்கம் போனா பாய் மூஞ்சி குடுப்பாரா பாப்பா?" என்று முனுசாமி மெதுவாகக் கேட்டார்.

"தெரியல அண்ணே."

அசன் முகைதீன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு பனியில் இறங்கினார். முனுசாமி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. காவலாளி அம்மா கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினார்.