மூன்றாம் குழி மண்

எழுபத்திரண்டு மணி நேரம் ஆகியும் மண் காயவில்லை.

நூற்றைந்து டிகிரி ஓவனில் ஒரு நாள் இருந்தால் எந்த மண்ணும் உலர்ந்துவிடும். தேவிப்பிரியா அலுமினியக் கிண்ணத்தை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்தாள். வியாழக்கிழமை எழுதிய எடையைவிட ஆறு கிராம் கூடியிருந்தது. தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஏழு கிராம்.

கருவாட்டுக் கூடை கழுவிய தண்ணீரின் வாடை வந்தது.

"இன்னா மேடம், சண்டே கூட ஓவன் ஓடிகினே கீது? உள்ள சோறு வெச்சிகீறீங்களா?" பரிசோதனைக் கூடத்தின் உதவியாளன் பாலாஜி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"மண்ணு இன்னும் காயலை."

"என் லுங்கியே மூணு நாளா காயல. வுடுங்க." வாசலில் வண்டியை உதைக்கப் போனவன் திரும்பினான். "கொம்பையா சம்சாரம் நாலு மணிக்கு வரும் மேடம். சாமான் எடுக்க வந்துச்சாம், இன்னிக்கே ஊருக்குப் போவுதாம். உங்களாண்ட ஒரு வார்த்த கேக்கணுமாம். ஒண்ணியும் பேசாதீங்க. தலய ஆட்டி அனுப்பிடுங்க."

வண்டிச் சத்தம் பிள்ளைப்பாக்கம் சாலையில் தேய்ந்து போனது.

தலையாட்டுவது அவளுக்குப் புதிதல்ல. இருபது நாட்களுக்கு முன், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வரப்போகும் நிலத்தில், மண்ணின் தரம் பார்க்கத் தோண்டிய மூன்றாம் குழி சரிந்து, குழி வெட்டும் கூலியாள் கொம்பையா செத்துப்போனார். விளிம்பில் நின்றது அவள் ஒருத்திதான். "குடிச்சிட்டு அவனா இறங்கிட்டான். அப்படித்தானே?" என்று சைட் மேலாளர் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அவர் குடித்திருக்கவில்லை. அவராக இறங்கவும் இல்லை.

பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல் நிலத்துக்குள் நீண்டு கிடந்தது. அதன் அடியில் தாள் தாளாகப் படிந்த களி இறுகித்தான் இங்குள்ள ஷேல் பாறை ஆனது. கல்லூரியில் படித்ததை அவள் குழியின் சுவரில் கண்ணால் கண்டாள்: மூன்றரை மீட்டர் ஆழத்தில், கடாவின் கொம்புபோலச் சுருண்ட ஓர் அம்மோனைட், கல்லாகிப்போன கடலுயிர் ஓடு. எடுத்துத் தர முடியுமா என்று கொம்பையாவிடம் கேட்டாள். எட்டு மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட ஒரே உதவி அது. அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். வெட்டிய புதிதில் ஷேல் சுவர் கல்லாக நிற்கும். காய்ந்து, பிறகு நனைந்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். நான்கு நாள் வெயில் அடித்திருந்தது. அன்று காலை மழை. அந்த சைட்டில் இருந்தவர்களில் அதைப் படித்தவள் அவள் மட்டும்தான்.

மேலாளர் கேள்வி கேட்டபோது அந்த அம்மோனைட் அவளுடைய கைப்பையில் இருந்தது.

கிண்ணத்து மண் எப்படியோ கெட்டுவிட்டது என்று முடிவு செய்தாள். அதே மூன்றாம் குழியிலிருந்து வெட்டிய ஓரடி உயர ஷேல் கட்டி ஒன்று அலமாரியில் இருந்தது, ஈரம் போகாதபடி துணி சுற்றி மெழுகு பூசி, விபத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதியோடு. அதை மேசைக்குத் தூக்கி வந்தாள். தகரக் கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, ஓவன் முனகிக்கொண்டிருக்க, கத்தி பட்ட இடத்தில் மெழுகு பிளந்து அதன் அடியிலிருந்து குளிர்ந்த உப்புக் காற்று ஒன்று அவள் முகத்தில் வந்து மோதியது, பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததுபோல.

உளி வைத்துத் தட்டினாள். முதல் தாள் பிரிந்தது. பெரணி போன்ற இலைகளின் கறுத்த தடங்கள். நகக்கண் அளவுச் சிப்பிகள். எல்லாம் இருக்க வேண்டியவை.

இரண்டாம் தாளில் ஐந்து புள்ளிகள். நான்கு ஒரு வளைவாக, ஒன்று தள்ளி. கடலடிப் புழுக்கள் துளைத்த வளைகளாக இருக்கலாம்.

மூன்றாம் தாளில் புள்ளிகள் வட்டங்களாகப் பெருத்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் வெளுத்த ஒரு சின்ன வட்டம். அவள் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

புழுவுக்கு எலும்பு கிடையாது.

இன்னும் ஒரு தாள். நான்கு வட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பக்கத்தில் ஐந்தாவது. ஈரமாக.

கதவு தட்டப்பட்டது. சாக்கை எடுத்துக் கட்டியின் மேல் போட்டாள்.

"நீதானே தாயி அது? உக்காரு, எந்திரிக்காத." கொம்பையாவின் மனைவி பேச்சி நனைந்த பையைக் கீழே வைத்தாள். மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, தூத்துக்குடி கடக்கரைல நிக்க மாதிரி வாட அடிக்கு?"

தேவிப்பிரியா சாக்கின் ஓரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

"குடிச்சிட்டு விழுந்தாவன்னு சொல்லுதாவ. காரியத்துக்கு எங்க அண்ணனே வரல. பள்ளிக்கூடத்துல எம்மவள குடிகாரன் மவள்னு கேலி பண்ணுதாளுவ. அவுகளுக்கு மோர் புளிச்சாலே ஆவாது தாயி. அவுகளா போய்க் குடிச்சாவளாக்கும்!" சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நீ பக்கத்துல நின்னியாமே. கடைசியா எதும் சொன்னாவளா?"

சாக்கின் அடியில் ஏதோ விரிசல் விட்டது. காய்ந்த சருகை மிதித்ததுபோல. மறுபடி. மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கூரை ஒழுகவில்லை.

தேவிப்பிரியா தலையாட்டப் பார்த்தாள். கழுத்து அசையவில்லை.

சாக்கு எழும்பியது. மெதுவாக. ஒரு முனை. மூன்று. ஐந்து. நனைந்த சணல் முனைகளில் ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டு வரை வெளியே வந்து நின்றது. பிறகு விரிந்தது. உள்ளங்கை அவள் பக்கம்.

அங்கேயே இருந்தது. காத்துக்கொண்டு.

பேச்சி அதைப் பார்த்தாள். கத்தவில்லை. வாயைப் பொத்திய கையை மெல்ல இறக்கினாள்.

"சொல்லு தாயி."

"நான்தான் இறங்கச் சொன்னேன்கா." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். "முதல்ல கல்லை நீட்டினாரு. அப்புறம் கையை நீட்டினாரு. சுவரு வெடிக்குது, பிடிச்சுக்கோம்மான்னாரு. நான் கல்லை வாங்கிட்டேன். கையைப் பிடிக்கலை."