முப்பத்தேழாவது நாடா

கட்டியது முப்பத்தாறு நாடா. அவிழ்த்துப் பைக்குள் போட்டதும் முப்பத்தாறு. அப்படியிருக்க, எதிரே மரக்கிளையில் இன்னொன்று மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் நின்றுவிட்டாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் அவள் சிஸ்டர்தான். பதினெட்டு வருடமாக ஆப்பரேஷன் தியேட்டரில் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால், உள்ளே வைத்த பஞ்சுத் துணி அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. அவள் வாயிலிருந்து "சரி" வராமல் எந்தக் கொம்பனும் ஊசியைத் தொட முடியாது. எண்ணிக்கையில் அவள் இன்றுவரை தவறியதில்லை.

அந்தப் பழக்கம் தியேட்டரோடு நிற்காது. துணி காயப்போட்டால் கிளிப்பை எண்ணுவாள். காட்டுக்குப் பூப் பார்க்கப் போகலாம் என்று டெய்லர் கேட்டபோதும், வழி தவறாமலிருக்க மஞ்சள் துணியில் நாடா வெட்டிக்கொண்டு வரச் சொன்னது அவள்தான். போகும்போது ஒன்றிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரிகிற மாதிரி கட்டிக்கொண்டே போக வேண்டும். வரும்போது ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும்.

"எதுக்குடி அவுக்கணும்? நாலு துணி கெடந்தா காட்டுக்கு வயித்து வலி வந்துருமா?" என்று காலையில் டெய்லர் சிரித்தாள்.

"உள்ள போனது எல்லாம் வெளிய வரணும். ஒண்ணுகூட விட்டு வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

டெய்லர் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட இருப்பவள். கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறாள். குளிர்காலத்தில் அவளுடைய நுரையீரலில் ஒரு துண்டை எடுத்தார்கள். அன்றைக்கும் பஞ்சை எண்ணியது சிஸ்டர்தான். அதிலிருந்து டெய்லர் மூச்சு விட்டால் கடைசியில் மெல்லிசாக ஒரு விசில் கேட்கும். "என் குக்கர்" என்று அவளே கிண்டல் செய்துகொள்வாள். படுக்கையில் கிடந்த மூன்று மாதமும், வசந்தம் வந்தால் காட்டுக்குள் பாய் விரித்த மாதிரி பூக்கும் நீலப் பூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இருக்கேன் இல்லண்ணா? உங்க பொண்டாட்டிய முழுசாக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துத்தான் சிஸ்டர் அவளைக் கூட்டி வந்தாள்.

இப்போது கடைசி நாடாவையும் அவிழ்த்தாயிற்று. கார் நிறுத்திய மண்சாலை கண்ணில் பட வேண்டும். படவில்லை. புதுத் தளிர் விட்ட மரங்களுக்கு நடுவே பிற்பகல் வெயில் பச்சையாக வடிந்து இறங்க, போன வருடத்து இலைகள் மக்கிய ஈர வாடையும் பூவின் தித்திப்பு வாடையும் சேர்ந்து மூக்கை அடைக்க, எங்கேயோ ஒரு பட்டை உரியும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. காலடியில் நீலப் பூக்கள். காலையில் கிளம்பிய இடத்தில் பூவே கிடையாது. 

"டீ, இது நீ கட்டினதா?" என்று திரும்பிக் கேட்டாள்.

பின்னால் வந்த டெய்லர் சிரித்த முகமாக நின்றாள். "கட்டினதா" என்றாள்.

சிஸ்டர் கிளையருகே போய் முடிச்சைப் பார்த்தாள். அவள் போடுவது தியேட்டர் முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவாள், அவிழ்ப்பதற்குள் நகம் போய்விடும். இது சுருக்கு முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் கையோடு வந்துவிடும். தைத்து முடித்த துணிக் கட்டுகளை டெய்லர் கடையில் இப்படித்தான் கட்டி வைப்பாள். திரும்பும் வழியில் முப்பது நாடாவுக்குப் பிறகு நகம் வலிக்கவில்லை என்பது இப்போதுதான் சிஸ்டருக்கு உறைத்தது. சுலபமாக வருகிறதே என்று சந்தோஷம்கூடப் பட்டிருந்தாள், மடச்சி.

அப்படியானால் சிஸ்டர் கட்டியதில் ஆறு இன்னும் சரியான வழியில் தொங்குகின்றன. ஆறு நாடாவுக்கு முன்னாலேயே பாதை மாறிவிட்டது. திரும்பிப் போகலாமென்றால் போவதற்கு அடையாளம் இல்லை. எல்லா அடையாளத்தையும் அவளே தன் கையால் அவிழ்த்துப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறாள். போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

டெய்லர் எப்போது கட்டினாள்? வழி முழுக்கப் பின்னாலேயே வந்தவள். சிஸ்டர் அவளைத் தனியாக விட்டது ஒரே ஒரு தடவைதான். கடைசி நாடா கட்டிய பூச்சரிவில், விழுந்து கிடந்த மரத்தின் மேல் டெய்லர் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். மேட்டில் வெள்ளைப் பூ இருக்கிறது, அஞ்சே நிமிஷத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போன சிஸ்டர், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பார்த்து அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கினாள். டெய்லர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"போலாமாடி?"

"போலாம்."

கத்தரியும் மிச்ச மஞ்சள் துணியும் வைத்திருந்த பை அவள் தோளில் இருந்ததா? இல்லை. இறங்கி வரும்போது விசில் சத்தமும் கேட்கவில்லை. காட்டுக் காற்று வேலை செய்திருக்கிறது என்று நினைத்து, கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னாள். இப்போது காதைக் கொடுத்துக் கேட்டாள். மயக்கத்தில் கிடக்கிறவர்களின் மூச்சைப் பதினெட்டு வருடம் கேட்டுப் பழகிய காது அது.

விசில் இல்லை. மூச்சும் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். நடக்காமல் நின்றால் முதுகில் ஏதாவது படும் என்று தோன்றியது. முப்பத்தெட்டாவது நாடா வந்தது. முப்பத்தொன்பது. நாற்பது. எதையும் அவிழ்க்கவில்லை. பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் அவள் காலோடு காலாக வந்தது. நாற்பத்தொன்று. அதற்கப்புறம் மஞ்சள் தீர்ந்துபோயிற்று.

அடுத்தது ஊதா.

டெய்லர் போட்டிருந்த சட்டைத் துணி. அவளே தைத்தது. கத்தரியால் நேராக வெட்டிய ஓரம். அவசரத்தில் போட்ட சுருக்கு முடிச்சு.

சிஸ்டர் மெல்லத் தலையைத் திருப்பினாள். பின்னால் நின்றவளின் ஊதாச் சட்டை முழுசாக இருந்தது. மணிக்கட்டுவரை இரண்டு கையும். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டெய்லர் முன்னால் எங்கேயோ இருக்கிறாள். எதையோ பார்த்து, வந்த வழியே ஓடி, நடுவில் வழி தவறியிருக்கிறாள். மஞ்சள் தீர்ந்து, போட்டிருந்த துணியை வெட்டிக் கட்டி, வாடி வாடி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நானோ இதைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சிஸ்டருக்கு அலற வேண்டும்போல் இருந்தது. அலறினால் அவள் பதில் கொடுப்பாள். கொடுக்கக் கூடாது.

அடுத்த ஊதா வலப்பக்கம் தெரிந்தது. அவள் இடப்பக்கம் காலை வைத்தாள்.

"கார் இந்தப் பக்கம்தான்டி. வா, போலாம்." சிஸ்டருக்கே அது தன் குரல் மாதிரி இல்லை.

கைக்குள் ஒரு கை நுழைந்தது. சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஊதி வைத்த ரப்பர் கையுறை மாதிரி.

"ஒண்ணுகூட விட்டு வைக்கக் கூடாது" என்றது அது. டெய்லரின் குரல். காலையில் சிஸ்டர் சொன்ன அதே ராகம்.

கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்கவில்லையென்றால் காட்டிக்கொடுக்கவும் முடியாது. கடவுளே, அவள் சத்தம் போடாமல் இருக்கட்டும். அண்ணா, மன்னிச்சிருங்க. மூச்சை அடக்கி நின்றாள். ஒரு பறவை இல்லை. காற்று இல்லை.

வலப்பக்கப் புதருக்குள் மெல்லிசாக ஒரு விசில்.

மூன்று மாதம் ராத்திரி பகலாக அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் விழித்துக் கிடந்தாள். அது கேட்டால் தூக்கத்திலும் தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். இப்போதும் திரும்பியது. திரும்பிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

கையைப் பிடித்திருந்ததும் அந்தப் பக்கமே திரும்பியது.

இழுத்தாள். விரல்கள் வரவில்லை. காலை ஊன்றினாள். ஈர மண்ணில் கால் வழுக்கிக்கொண்டே போனது. புதர் விலகியது.

நீலப் பூவுக்கு நடுவே மரத்தில் சாய்ந்து டெய்லர் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் கை இரண்டும் வெட்டியிருந்தது, இடுப்புக்குக் கீழே சட்டைத் துணியே இல்லை. மடியில் கத்தரியும், கட்டாத ஒரு ஊதா நாடாவும். சிஸ்டரைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது.

"வந்துட்டியாடி... வருவேன்னு தெரியும்" என்றாள், விசிலும் பேச்சுமாக.

அப்புறம் அவள் பார்வை மெதுவாகப் பக்கத்தில் நகர்ந்தது.

ஓடு என்று கத்தினாள் சிஸ்டர். வாய்தான் அசைந்தது. கைக்குள் இருந்த கை இறுகியது.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றது அது, தியேட்டரில் அவள் சொல்கிற மாதிரியே.

முன்னால் கேட்ட விசில் பாதியில் நின்றது. சிஸ்டரின் காதுக்குப் பக்கத்தில், மூச்சே விடாமல் அத்தனை தூரம் நடந்து வந்தது, முதல் தடவையாக மூச்சை இழுத்து விட்டது. நிதானமாக. மூச்சின் கடைசியில் மெல்லிசாக ஒரு விசில்.