இரண்டாம் இலைப்பொதி

மேற்கு மலைகளுக்குப் பின்னே கதிரவன் இறங்கிவிட, வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் முழுமதி தன் வெள்ளிக் கதிர்களை விரிக்கத் தொடங்கிய அந்த மாலை வேளையில், கருங்குன்றக் கோட்டையின் கொற்றவை கோயில் மணிகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. பக்திப் பெருக்கினால் ஒலித்தன என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். கோட்டைத் தலைவர் தென்னவராயருக்கு உயிர்ப்பயம் வந்திருந்தது, அவ்வளவுதான். கோயில் விளக்குக்குரிய எண்ணெயை நிறுத்தித் தம் மல்லர்கள் உடம்பில் தேய்த்துக்கொள்ளக் கொடுத்த மகானுபாவர், பகைவர் அக்கரையில் பாசறை அமைத்த செய்தி கேட்டதும் ஈர ஆடையோடு ஓடிவந்து தேவியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய மகள் இளநாச்சி தூணருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆற்றுத்துறையில், அவள் மனத்தால் வரித்த கொற்றன் ஒரு சிறு படையோடு பகைவரை மறித்து நின்றான். துணைப்படை கேட்டு உச்சிப்பொழுதிலேயே ஆள் அனுப்பியிருந்தான். ராயரோ பூக்கேட்ட பிறகே முடிவு சொல்வேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

பூக்கேட்பது அக்குடியின் பழைய வழக்கம். செவ்வரளியை ஓர் இலையிலும் வெள்ளரளியை மற்றோர் இலையிலும் பொதிந்து சந்நிதியில் வைப்பார்கள். குடும்பத்துக் கன்னி கண்மூடி ஒன்றை எடுப்பாள். சிவப்பு வந்தால் போர், வெள்ளை வந்தால் பணிவு. எடுக்காத பொதியைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

இளநாச்சி கண்மூடி ஒரு பொதியை எடுத்தாள். பூசாரி அதைப் பிரித்தார். வெள்ளை.

"தேவியின் திருவுள்ளம் அப்படி. நாம் என்ன செய்ய முடியும்?" என்று கூறிய ராயரின் முகத்தில், வயிற்றுவலி நின்றவனுடைய தெளிவு தெரிந்தது. "சேந்தனாரே, கோட்டைக் கதவைத் திறந்துவிடும். பகைவரை வரவேற்போம்."

காவற்படைத் தலைவர் சேந்தனார் அசையவில்லை. அவர் பின்னே நின்ற வீரர்களில் பலருக்கு உடன்பிறந்தார் துறையில் இருந்தனர்.

கதவு திறந்து கோட்டையும் பகைவர் கைக்குப் போனால் கொற்றன் முன்னும் பின்னும் பகை சூழச் சாவான். நந்தவனத்தின் வழியே வந்தபோது செவ்வரளிச் செடியில் ஒரு பூக்கூடப் பறிக்கப்படாமல் இருந்தது அப்போதுதான் இளநாச்சியின் நினைவில் உறைத்தது. குனிந்து இரண்டாம் பொதியை எடுத்தாள்.

"அதைத் தொடாதே. பிரிப்பது தெய்வக் குற்றம்" என்றார் ராயர்.

"குற்றம் என்மேல் இருக்கட்டும்" என்று இலையை விரித்தாள். அதிலும் வெள்ளரளியே இருந்தது.

பூசாரி தரையைப் பார்த்தார். வீரர்கள் ராயரைப் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்கள் தேவியிடம் வழி கேட்க வரவில்லை. ஓடுவதற்குத் துணையாளாக அவளை அழைத்தீர்கள். ஊரார் தூற்றும்போது அவள்மேல் பழி போட்டுவிடலாம் அல்லவா?"

சேந்தனார் நிதானமாகத் தலை வணங்கி, "கதவைத் திறக்கும்படி கட்டளையிட்டீர்கள், பிரபு. திறக்கிறோம். படை துறைக்குப் போகவேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். வீரர்கள் அவர் பின்னே சென்றார்கள்.

காற்று திசை மாறிவிட்டதை ராயர் நொடியில் உணர்ந்துகொண்டார். இந்த ஒரு கலையில் அவருக்கு நிகர் அவரே. "மகளே, நீங்கள் வெல்ல வேண்டுமென்று தேவிக்குப் பொன்முடி நேர்ந்துகொள்கிறேன்" என்று மீண்டும் தரையில் விழுந்தார்.

"வேண்டாம் அப்பா. வென்றுவிட்டால் உங்கள் வேண்டுதலால் வென்றோம் என்பீர்கள்."

அவள் சந்நிதிச் சுவரில் சார்த்தியிருந்த வாளை எடுத்து இரு கைகளிலும் ஏந்தினாள்.

"தாயே, பகைவன் இக்கரையில் காலூன்றினால் நான் உயிரோடு திரும்பமாட்டேன். இதற்கு உன்னிடம் துணை கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு உன்னை இவர் களைக்க வைத்துவிட்டார். சாட்சியாக மட்டும் இரு."